பேரப்பிள்ளைகளோடு நீண்ட சாலைப் பயணம்: மோட்டார்ஹோமா, டிரெய்லரா, மினிவேனா?

படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிதான் மோட்டார்ஹோம்; அதையே வேறு வண்டியின் பின்னால் கட்டி இழுத்தால் டிரெய்லர். வாடகை மோட்டார்ஹோம் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது ‘ஆறு பேர் படுக்கலாம்’, ‘எட்டு பேர் படுக்கலாம்’ என்பதுதான். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. வண்டி ஓடும்போது எத்தனை பேர் முன்பக்கம் பார்த்த இருக்கையில், தோள் பெல்ட் போட்டு உட்காரலாம்? படுக்கைக் கணக்கும் பெல்ட் கணக்கும் ஒத்துப்போகும் வாடகை வண்டி அபூர்வம். ஆறு பேர் படுக்கும் வண்டியில் ஒழுங்கான இருக்கை நான்குதான் இருக்கும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம்: அமெரிக்காவின் லாஸ் வேகஸில் கிளம்பி, யூட்டா மாநிலத்தின் ஸயான், பிரைஸ் கேன்யன் பூங்காக்கள், அரிசோனாவின் பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு எல்லாம் பார்த்துவிட்டு மீண்டும் லாஸ் வேகஸ். எட்டு இரவுகள். போகிறவர்கள் அறுபதைத் தாண்டிய தாத்தா, பாட்டி; 4, 7, 11 வயதில் மூன்று பேரப்பிள்ளைகள். அப்பா அம்மா வரவில்லை.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த ஐவருக்கு, ஓடுவதற்கு மினிவேன், படுப்பதற்கு ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தித் தரப்படும் வாடகை டிரெய்லர். பிள்ளைகள் இருவர் மட்டும், இருவரும் வளர்ந்தவர்கள் என்றால் மோட்டார்ஹோம் நல்ல தேர்வு. டிரெய்லரைத் தானே இழுத்துப் போவது, ஏற்கெனவே பழகியவர்களுக்கு மட்டும்.

கிளாஸ் சி மோட்டார்ஹோம்

ஓட்டுநர் அறைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் கிளாஸ் சி. பெரும்பாலும் ஃபோர்டு இ-350 அல்லது இ-450 அடிச்சட்டத்தில் கட்டியது. நீளம் 22 முதல் 32 அடி. கேலனுக்கு 8 முதல் 10 மைல் தரும்.

உட்காரும் கணக்கைப் பார்ப்போம். முன்னால் ஓட்டுநருக்கும் பக்கத்திலிருப்பவருக்கும் முழு பெல்ட் உண்டு. பின்னால் சாப்பாட்டு மேசையின் இருபுறமும் இரண்டு பெஞ்சுகள். ஒன்று முன்னோக்கியது, ஒன்று பின்னோக்கியது. சில வண்டிகளில் பக்கவாட்டில் ஒரு சோபாவும் இருக்கும். குழந்தை இருக்கையைப் பக்கவாட்டு சோபாவில் ஒருபோதும் கட்டக் கூடாது. பின்னோக்கிய பெஞ்சிலும் கூடாது. அந்தப் பெஞ்சுகள் பல ஒட்டுப்பலகைப் பெட்டிகள்தான், மோதலில் தாங்கும் என்று நம்ப முடியாது. மிஞ்சுவது முன்னோக்கிய பெஞ்சு ஒன்று. அதில் இருவர் உட்காரலாம். மூன்றாவது பிள்ளைக்கு இடமில்லை. 11 வயதுப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்தால் பாட்டிக்கு இடம் போய்விடும். 13 வயது வரை பின்னிருக்கையே நல்லது என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரையும்.

அந்த இரண்டு இடங்களிலும் பல வண்டிகளில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை தோள் பெல்ட் இல்லாமல் போடக் கூடாதது. இடுப்பில் மட்டும் கட்டி, உயரத்தில் உட்கார வைத்த பிள்ளையின் மேலுடம்பு திடீர் பிரேக்கில் அப்படியே முன்னால் மடங்கும். எதிரே மேசை விளிம்பு. ஆகவே 7 வயதுப் பிள்ளைக்கும் ஐந்து முனைப் பட்டி உள்ள இருக்கைதான் வேண்டும். 65 பவுண்டு வரை தாங்குபவை கிடைக்கின்றன. அதை இடுப்பு பெல்ட்டால் கட்டலாமா, மேல்பட்டியை மாட்டக் கொக்கி இல்லாவிட்டால் பயன்படுத்தலாமா என்பதை இருக்கையின் கையேட்டில் பாருங்கள். சாதாரணக் கார்களில் இருக்கும் அடிக்கொக்கியும் மேல்கொக்கியும் மோட்டார்ஹோம்களில் கட்டாயமில்லை. சில மாநிலச் சட்டங்கள் மோட்டார்ஹோமுக்குக் குழந்தை இருக்கை விதியிலிருந்தே விலக்குத் தருகின்றன. அந்த விலக்கைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புதிய வண்டிகள் சிலவற்றில் மேசைப் பெஞ்சிலும் தோள் பெல்ட் உண்டு. முன்பதிவுக்கு முன் வாடகைக்காரரிடம் பெஞ்சின் புகைப்படம் கேளுங்கள். பெல்ட் மேலேயிருந்து வருகிறதா, இடுப்பில் மட்டுமா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஓடும்போது மேல்படுக்கையில் படுத்து வரலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். முதல் நாளே மறுத்துவிடுவது நல்லது. இரவிலும் அந்தப் படுக்கைக்கு வலைத்தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே படுக்க விடுங்கள். தரை ஐந்தடி கீழே இருக்கும்.

பெல்ட்டுக்கு அடுத்த சிக்கல் அகலம். ஸயானின் கிழக்குப் பக்கம் 1930-இல் திறந்த 1.1 மைல் சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. முன்பு பெரிய வண்டி வந்தால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். 2026 ஜூன் 7 முதல் 7 அடி 10 அங்குல அகலத்தையோ 11 அடி 4 அங்குல உயரத்தையோ தாண்டும் வண்டிகளுக்கு அந்த வழி கிடையாது. வழக்கமான கிளாஸ் சி எல்லாமே இந்த அகலத்தைத் தாண்டும். அப்படியானால் ஸயானிலிருந்து பிரைஸுக்கு ஹரிகேன், ஃபிரெடோனியா, கனாப் என்று சுற்றித்தான் போக வேண்டும். காரில் 85 மைல், மோட்டார்ஹோமில் ஏறக்குறைய 160. வேன் அளவிலான கிளாஸ் பி வண்டிகள் சில சுரங்கத்தில் நுழையும். ஆனால் அதில் இருவர்தான் நிம்மதியாகப் படுக்கலாம். ஐவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இதே தொல்லை வேறு பூங்காக்களிலும் உண்டு. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் மலையைக் கடக்கும் புகழ்பெற்ற சாலையின் நடுப்பகுதியில் 21 அடி நீளத்தையோ கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடி அகலத்தையோ தாண்டிய வண்டிகளை விடுவதில்லை. பாதை வகுக்கும்போது செல்போன் வரைபடம் இதையெல்லாம் சொல்லாது. பூங்காவின் அதிகாரபூர்வ தளத்தில் வண்டி அளவு விதியைத் தேடிப் பாருங்கள்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

மோட்டார்ஹோமுக்கும் டிரெய்லருக்கும் பொதுவான பகுதி இது. பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

28 அடி வண்டியில் நல்ல தண்ணீர் சுமார் 40 கேலன், குளித்த, கழுவிய நீருக்கான டேங்க் 35, கழிவறை டேங்க் 30 என்ற அளவில் இருக்கும். குளியல் குழாய் நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு கேலன் கொட்டும். மூன்று நிமிடக் குளியல் ஐந்து பேருக்கு 22 முதல் 30 கேலன் ஆகும். பாத்திரம் கழுவியதையும் சேர்த்தால் ஒரே நாளில் டேங்க் முட்டிவிடும். வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களில் குழாய் இணைப்பு இல்லாத இடங்களில் பொதுக் குளியலறையைப் பயன்படுத்துவது ஒன்றே வழி. பிரைஸின் பூங்கா முகாம்களில் இணைப்புகள் இல்லை. கிராண்ட் கேன்யனில் மேதர் முகாமிலும் இல்லை, அங்கே 30 அடிக்கு மேல் வண்டியும் நுழையாது. பக்கத்திலுள்ள டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாமில் தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றும் உண்டு. பேஜில் ஏரிக்கரை வாவீப் முகாமிலும் உண்டு.

நம் வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் கழிவறை டேங்குக்கு உண்மையில் நல்லது. தண்ணீர் குறைந்தால்தான் திடக்கழிவு அடியில் இறுகும். ஆனால் சீக்கிரம் நிறையும். ஒரு முறைக்கு இரண்டரை லிட்டர், ஆளுக்கு நாளில் ஐந்து முறை, ஐந்து பேர் என்றால் 62 லிட்டர். 30 கேலன் என்பது 113 லிட்டர். இரண்டு நாளுக்குள் காலி செய்ய வேண்டிவரும். ஈரத்துடைப்புத் தாளை, ‘கரையும்’ என்று உறையில் எழுதியிருந்தாலும், உள்ளே போடக் கூடாது. பிள்ளைகள் மறப்பார்கள், ஆகவே கழிவறைக்குள் மூடியுள்ள சிறு குப்பைக்கூடை ஒன்று வையுங்கள்.

காலி செய்யும் முறை: கையுறை போட்டு, குழாயை இரு முனையிலும் இறுக்கி, முதலில் கழிவறை டேங்கைத் திறந்து முழுதாக விட்டு மூடவும். பிறகு குளியல் நீர் டேங்கைத் திறந்தால் அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். கடைசியில் கழிவறை டேங்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் மருந்தும் ஊற்றி வைக்கவும். கழிவு இணைப்பு இருக்கிறதே என்று கழிவறை வால்வைத் திறந்தே விடுவது புதியவர்கள் செய்யும் தவறு. நீர் ஓடிப்போகும், திடப்பொருள் குவிந்து கல்லாகும். இந்த வேலையில் குனிய வேண்டும், மண்டியிட வேண்டும், கனத்த குழாயைத் தூக்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காத தாத்தாவுக்கு இது சின்ன விஷயமில்லை.

மின்சாரத்தில் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏசி மட்டும் 1,500 வாட்டுக்கு மேல் எடுக்கும், மைக்ரோவேவும் ஏறக்குறைய அவ்வளவே. அதோடு 700 வாட் ரைஸ் குக்கரைப் போட்டால் பிரேக்கர் விழும். குக்கர் ஓடும் 25 நிமிடம் மைக்ரோவேவைத் தொடாமலிருந்தால் போதும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது. பொடி, தொக்கு, புளிக்காய்ச்சல் என்று அரைத்ததை எடுத்துப் போவதே மேல். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி, பிரைஸ் 8,000 அடி. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு அரைவேக்காடாகவும் பருப்பு வேகாமலும் நிற்கும். சிறிய பிரஷர் குக்கர் கட்டாயம். தாளிக்கும்போது ஜன்னலையும் மேல்விசிறியையும் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும்.

டிரெய்லரைத் தானே இழுத்துப் போவது

இதன் நன்மை உண்மையானது. பிள்ளைகள் ஒழுங்கான பெல்ட் உள்ள வண்டியில் வருவார்கள். முகாமில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஸயான் சுரங்கத்துக்குள்ளும் போகலாம்.

எடையில்தான் அடிபடும். சியென்னா, ஒடிசி போன்ற மினிவேன்கள் அதிகபட்சம் 3,500 பவுண்டு இழுக்கும். மாடிப்படுக்கை உள்ள 25 அடி டிரெய்லர் காலியாகவே 5,000 பவுண்டு; சாமான் ஏற்றினால் 6,500. ‘என் எஸ்யூவி 8,000 இழுக்குமே’ என்பார்கள். இழுக்கும். ஆனால் ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டியே எவ்வளவு பவுண்டு தாங்கும் என்று ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சுமை எண்ணைப் பாருங்கள். அது 1,400 என்று வைப்போம். டிரெய்லரின் மூக்கு எடை, அதாவது வண்டியின் கொக்கியில் அது அழுத்தும் எடை, 6,500-இல் 12 சதவீதம், 780 பவுண்டு. கொக்கி அமைப்பு 75. பெரியவர்கள் இருவர் 320. பிள்ளைகள் மூவர் 170. அவர்களின் இருக்கைகள் 30. கூட்டினால் 1,375. ஐஸ் பெட்டி ஒன்றை வைத்தாலே எல்லை தாண்டிவிடும். சுமையைக் குறைக்க டிரெய்லரின் பின்பக்கம் கனத்தை நகர்த்துகிறவர்கள் உண்டு. அது இன்னும் ஆபத்து. மூக்கு எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடக்கும் காற்றிலேயே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பதைப் பெரும்பாலான மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஏழு வயது டயர் பாலைவன வெயிலில் வெடிக்கக்கூடும்.

மினிவேன், நிறுத்தி வைத்த டிரெய்லர்

அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் சொந்தக்காரர்களே டிரெய்லரை முகாமுக்குக் கொண்டுவந்து, மட்டம் பார்த்து, குழாய்களை மாட்டி, சாவியைக் கையில் தந்துவிட்டுப் போவார்கள். முடிந்ததும் அவர்களே இழுத்துப் போவார்கள். கழிவை யார் காலி செய்வது என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். சிறு கட்டணத்துக்கு அவர்களே செய்வது வழக்கம். தேசியப் பூங்கா முகாம்களுக்குள் இப்படிக் கொண்டுவர நிர்வாகத்தின் வணிக அனுமதி தேவைப்படும் என்பதால் பூங்காவுக்கு வெளியே தனியார் முகாமில் செய்வது சுலபம்.

நம் பாதைக்கு இந்த முறை அமைப்பாகப் பொருந்துகிறது. காரணம் கனாப் என்ற சிற்றூர். அங்கே ஐந்து இரவு தங்கினால் சுரங்கம் வழியாக ஸயான் 40 மைல், பிரைஸ் 80 மைலுக்குள், பேஜ் 75 மைலுக்குள். ஒவ்வொன்றும் ஒரு நாள் பயணம். மாலையில் அதே படுக்கை, அதே கழிவறை, அதே குளிர்சாதனப் பெட்டி. நான்கு வயதுப் பிள்ளைக்கு தினம் ஓர் இடத்தில் தூங்குவதைவிட இது எவ்வளவோ நல்லது. மோட்டார்ஹோமில் பால் வாங்கக் கடைக்குப் போவதென்றாலும் குழாயைக் கழற்றி, மேசையைக் காலி செய்து, அலமாரிகளைப் பூட்டி வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசி மூன்று இரவுக்குக் கிராண்ட் கேன்யனில் அறை எடுத்துக்கொள்ளலாம். கனாப்பிலிருந்து அங்கே ஏறக்குறைய 210 மைல்.

செலவு, கோடைக்கால விலையைத் தோராயமாக வைத்து: கிளாஸ் சி எட்டு இரவு, இரவுக்கு 200 டாலர் என்றால் 1,600. மைல் கட்டணம் 40 செண்ட், 900 மைலுக்கு 360. கேலன் 4 டாலர், கேலனுக்கு 9 மைல் என்றால் பெட்ரோல் 400. முகாம் 560. காப்பீடு, சுத்தம் செய்தல், படுக்கைத் துணி எல்லாம் 300. ஆக 3,200-ஐ ஒட்டி வரும். கனாப்பில் டிரெய்லர் ஐந்து இரவு 650, கொண்டுவந்து நிறுத்த 250, முகாம் 325, காப்பீடும் சுத்தமும் 150, கிராண்ட் கேன்யன் அறை 750, மினிவேன் 1,080 மைலுக்குப் பெட்ரோல் 170. ஆக 2,300. மினிவேனும் வாடகை என்றால் இன்னும் 700 சேர்ந்து 3,000. முழுக்க அறைகளிலேயே தங்கினால் 1,800-க்குள் முடியும். ஆனால் ஐவரும் மூன்று வேளை வெளியே சாப்பிட்டால் மிச்சம் அங்கே போய்விடும். சமையலறை உள்ள அறையாக எடுத்தால் மட்டும் அது உண்மையிலேயே மலிவு. கேஓஏ என்ற தனியார் நிறுவன முகாம்களின் மரக்குடில்களிலும் பிள்ளைகளுக்கு மாடிப்படுக்கை உண்டு. சாதாரணக் குடிலில் கழிவறை வெளியேதான், இரவில் இரண்டு முறை எழுகிறவர்கள் அதை யோசிக்கவும்.

எதை எடுத்தாலும்

ஒரு நாளில் 200 மைலுக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கனாப்பிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும் 210 மைலும், அங்கிருந்து திரும்பும் 280 மைலும் மட்டும் விதிவிலக்கு. திரும்பும் வழியை வில்லியம்ஸிலும் கிங்மனிலும் இறங்கி உடைத்துக்கொள்ளலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழையில் ஸயானின் குறுகிய பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் வரும். தண்ணீரில் நடக்கும் பாதைகளுக்குப் போகுமுன் அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று இறங்க வேண்டாம், மழை மைல்களுக்கு அப்பால் பெய்திருக்கும்.

நுழைவுச் சீட்டில் தாத்தா பாட்டி எங்கே வசிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் அல்லது பச்சை அட்டைக்காரருக்கு வாழ்நாள் மூத்தோர் அட்டை 80 டாலர். ஊரிலிருந்து விசாவில் வந்தவர்களுக்கு 2026 ஜனவரி முதல் விதி மாறிவிட்டது. ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். 250 டாலர் ஆண்டு அட்டை எடுத்தால் அது இல்லை. அமெரிக்காவில் வசித்து நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு இலவச அட்டை உண்டு. விசாவில் வந்த தாத்தா ஊர் உரிமத்தோடும் சர்வதேச அனுமதியோடும் வாடகை வண்டி எடுக்க முடியலாம். வாழ்நாள் முழுதும் சாலையின் இடப்பக்கம் ஓட்டியவர் முதல் முறையாக வலப்பக்கம் ஓட்டுவது 28 அடி வண்டியாக இருக்க வேண்டாம்.

பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பயண நாட்கள், சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் அதிகாரம், ஒவ்வாமை விவரம், காப்பீட்டு அட்டையின் நகல் எல்லாம் அதோடு சேரட்டும். உயிர்போகும் அவசரத்தில் யாரும் காகிதம் கேட்கப் போவதில்லை. காதுவலிக்கோ தையலுக்கோ போனால் கேட்பார்கள்.

பேஜில் குறுகிய பள்ளத்தாக்குச் சுற்றுலாவோ படகோ முன்பதிவு செய்தால் நேரத்தைக் கவனியுங்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டா மாற்றுகிறது. பக்கத்து நவஹோ நிலமும் மாற்றுகிறது. கோடையில் கனாப்பில் 9 மணி என்றால் பேஜில் 8. எல்லை ஓரத்தில் செல்போன் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கும், ஆகவே சீட்டில் அச்சிட்டிருப்பது எந்த நேரம் என்று முன்தினமே தொலைபேசியில் கேட்டு, அதைச் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.